துண்டுக்கு அடியில் இருபத்தொரு நாள்

அத்தியாயம் 11

"நாலு நாள் போதும்டா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் போனில் சொன்னபோது, சித்தூர் வெல்ல மண்டி ஆதிநாராயணன் மனதில் வைத்திருந்தது பதினைந்து நாள்.

அது அவருடைய தொழில் வழக்கம். மண்டியில் முதலில் வாயில் வருவது விலையே அல்ல. விலைக்கு வைத்த கதவு. எதிராளி அந்தக் கதவைத் தட்ட வேண்டும், இவர் கால்வாசி திறக்க வேண்டும், அவன் போவதுபோல் நாலு அடி நடக்க வேண்டும், இவர் கூப்பிட வேண்டும். விருந்தாளி சமாசாரமும் அப்படித்தான். "நாளைக்கே கிளம்பணும்" என்பார் வந்தவர். "அதெப்படி, ஒரு வாரம் இருந்துதான் போகணும்" என்று வீட்டுக்காரர் பையைப் பிடுங்கி பீரோவுக்குப் பின்னால் வைப்பார். கடைசியில் மூன்று நாளில் படியும். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது.

ஆகவே, பாரிஸில் ஆறு வருஷமாக வேலை பார்க்கும் யோகேஷ், "இன்னா நைனா இது, ஒரு மாசமாவது இருங்க" என்று கதவைத் தட்டுவான் என்று காத்திருந்தார்.

யோகேஷ், "சரி நைனா" என்றான். போனை வைத்துவிட்டான்.

விளையாடுகிறான், மறுபடி கூப்பிடுவான் என்று எட்டு நாள் பொறுத்துப் பார்த்தார் ஆதிநாராயணன். ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, டிக்கெட் வந்தது.

மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது முறையும் படித்தார்.

"இன்னாடி இது?" என்று மகளிடம் போனை நீட்டினார்.

பிரித்திகா அன்று பேங்குக்கு லீவு போட்டிருந்தாள். விசா பாரம் எழுதிக்கொடுக்கும் ஏஜெண்டைப் பார்க்க அப்பா அம்மா இருவரையும் திருப்பதிக்கு அழைத்துப் போக வேண்டியது அவள் பொறுப்பு. இட்லியை விழுங்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "டிக்கெட் நைனா."

"அது தெரியுது. தேதியைப் பாரு. வெள்ளிக்கிழமை காலையில எறங்கறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏறறேன். நடுவுல ஷூவைக் கழட்ட நேரம் இருக்குமா?"

"நாலு நாள் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். சொன்னா? ஒடனே ஒத்துக்கறதா?" அவர் குரல் கிரீம்ஸ்பேட்டை தெருமுனை வரைக்கும் போயிற்று. "எதிர் மண்டி நாயுடு எனக்குப் பரம விரோதி. அவனே என்னைப் பார்த்தா, ஒரு போண்டா துன்னுட்டுப் போன்னு ரெண்டு தடவை சொல்றான். பெத்த புள்ள ஒரு தடவைகூட 'இரு'ன்னு சொல்லலியே!"

"அண்ணனுக்குப் பேரம் மறந்துபோச்சு நைனா. அங்க எல்லாத்துலயும் விலை எழுதி ஒட்டியிருக்கும்."

"நைனா மேலயுமா ஒட்டியிருக்கும்?"

ரத்னம்மா சாம்பார் கிண்ணத்தோடு வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "ஒம்பதுக்குள்ள குளிச்சிடுங்க. அந்த திலீப் தம்பி பதினொண்ணுக்கு வரச் சொல்லியிருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மகனை ஆறு வருஷமாகப் பார்க்காத தாய், நாலு நாள் என்று கேட்டதும் அழ வேண்டாமா? ஆதிநாராயணனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. அதிர்ச்சியில் வாயடைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துத் தேற்றிக்கொண்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவர் கவனிக்கவில்லை. போனில் வந்திருந்தவை இரண்டு டிக்கெட்டுகள். அவர் நாலு முறை படித்ததும் முதல் டிக்கெட்டைத்தான். புருஷன் டிக்கெட் எப்படியோ பெண்டாட்டி டிக்கெட்டும் அப்படி என்பது அவருடைய எண்ணம். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த எண்ணத்துக்கு எதிராக ஒரு சாட்சியும் வந்ததில்லை.

*

காரைப் பிரித்திகா ஓட்டினாள். பாகாலா பக்கம் பிரியும் ரோடு வருவதற்குள் ஆதிநாராயணன் தன் திட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டார். ஏஜெண்ட் திலீப்பிடம் சொல்லித் திரும்பும் தேதியைத் தள்ளிப்போடுவது. பாரத்தில் முப்பது நாள் என்று எழுதச் சொல்வது. தூதரகக்காரன் பாதியாகக் குறைப்பான். பதினைந்தில் படியும்.

"அங்க அப்படிக் குறைக்க மாட்டாங்க நைனா. கேட்ட நாளுக்குக் காரணம் இருக்குதான்னுதான் பாப்பாங்க."

"எந்த ஊர்லயும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தவன் கிடையாது."

"அண்ணன் கொடுத்தானே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்திரகிரி வந்தது. மலையடியில் கோட்டைச் சுவரும் அதற்குள் ராஜாவின் மாளிகையும் மரங்களுக்கு நடுவே தெரிந்து மறைந்தன. பின் ஸீட்டில் இருந்த ரத்னம்மா கழுத்தைத் திருப்பி, மறையும்வரை பார்த்தாள்.

"இதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றாள். "கல்யாணமாகி முத முதல்ல திருமலைக்குப் போனப்ப, 'வரும்போது நிறுத்தறேன்'னு சொன்னாரு உங்க நைனா."

"வரும்போது நிறுத்தலாம்" என்றார் ஆதிநாராயணன், முன்னால் பார்த்துக்கொண்டே.

பிரித்திகா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். ரத்னம்மா மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

*

திருப்பதியில் ஏர் பைபாஸ் ரோட்டில், ஒரு டிபன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது திலீப்பின் ஆபீஸ். உள்ளே ஏசி, ஒரு பெருமாள் படம், ஈஃபில் டவர் படம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை. காத்திருந்த பெஞ்சில் நகரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. யாருக்கு என்ன விசா என்று எல்லார் பேச்சையும் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளை மறுநாள் சென்னையில அப்பாயிண்ட்மெண்ட்" என்றான் திலீப். "விரல் ரேகை கொடுக்கணும், போட்டோ எடுப்பாங்க. அதனால பாரம் இன்னைக்கே முடியணும் சார். அப்புறம் ஒரு நாள்கூட மாத்த முடியாது." டிக்கெட்டுகளைக் கம்ப்யூட்டரில் திறந்தான். புருவம் உயர்ந்தது. "சார், மீகு நாலுகு ரோஜுலு. அம்மகாரிகி இரவை ஒகட்டி. கரெக்டேனா?"

ஆதிநாராயணனுக்குத் தெலுங்கு தாய்மொழி மாதிரி. மண்டியில் பாதி நாள் அதில்தான் பேசுவார். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவருக்கு எந்த மொழியும் தெரியவில்லை.

"இன்னா?"

"உங்களுக்கு நாலு நாள் சார். அம்மாவுக்கு இருபத்தொரு நாள்." திலீப் திரையைத் திருப்பிக் காட்டினான். "போறது ஒரே பிளைட்டு. திரும்பறது வேற வேற."

நகரிக் குடும்பம் மொத்தமும் பெஞ்சில் முன்னால் நகர்ந்தது.

ஆதிநாராயணன் திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிரித்திகாவின் முகத்தில் இருந்ததும் உண்மையான அதிர்ச்சிதான். அவளும் இரண்டாவது டிக்கெட்டைத் திறந்திருக்கவில்லை. கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"உன் பையன் தப்பாப் போட்டுட்டான்" என்றார்.

"இல்லைங்க. அவன் கேட்டான், எத்தனை நாள்மான்னு. நான் இருபத்தொண்ணுன்னேன். சரிம்மான்னான்."

பிரித்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சூழ்ச்சி எதுவும் செய்யவில்லை. அப்பா நாலு என்றார், நாலு போட்டான். அம்மா இருபத்தொன்று என்றாள், இருபத்தொன்று போட்டான். இந்த வீட்டில் பிறந்து, சொன்ன சொல்லை அப்படியே நம்புகிற ஒரு பிள்ளை எப்படித்தான் உருவானான்!

"இருபத்தொரு நாளா!" ஆதிநாராயணன் குரல் ஏசியைத் தாண்டிக் கேட்டது. "இருபத்தொரு நாள்ல அந்த ஊரையே வெலை பேசி வாங்கிடலாம். இன்னா பண்ணப் போறே அங்க?"

"மொத வாரம் வழி தப்பறதுக்கு. ரெண்டாவது வாரம் பாக்கறதுக்கு. மூணாவது வாரம் சும்மா இருக்கறதுக்கு."

நகரி அம்மாள் ஒருத்தி "அட!" என்றாள், தன்னை மறந்து.

ஆதிநாராயணனுக்கு மானம் போயிற்று. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, 'இங்கே பேசாதே' என்று சொல்ல வேண்டும். ஆனால் பொது இடத்தில் பெண்டாட்டி கையைப் பிடிப்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது. தோளில் இருந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். நாற்பது வருஷப் பழக்கம். யோசிக்காமலே கை அதைச் செய்தது.

மண்டியில் மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாத பேரமெல்லாம் துண்டுக்கு அடியில்தான் நடக்கும். வாய் ஊர்க்கதை பேசும். விரல்கள் விலை பேசும். பிடித்த விரல் ஒவ்வொன்றும் ஒன்று. உள்ளங்கையில் ஒரு தட்டு, பத்து.

அவர் இன்னும் மணிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் உள்ளங்கையில் இரண்டு தட்டு விழுந்தது. பிறகு அவருடைய ஆள்காட்டி விரலை ஒரு கை உறுதியாகப் பிடித்தது.

இருபத்தொன்று.

ஆதிநாராயணனுக்கு டிக்கெட் கொடுத்த அதிர்ச்சியே இதோடு பார்த்தால் ஒன்றுமில்லை என்று ஆயிற்று.

"இது... உனக்கு எப்படி..."

"பலமனேர் மாட்டுத் தரகர் பொண்ணைத்தானே கட்டிக்கினீங்க?" ரத்னம்மா ஈஃபில் டவர் படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சந்தையில இன்னைக்கு மாடு எவ்வளவுக்கு முடிஞ்சுதுன்னு எங்க நைனா தெனமும் என் கையிலதான் சொல்லுவாரு. எங்கம்மா காதுல விழக் கூடாதுன்னு."

"முப்பத்து மூணு வருஷமா சொல்லவே இல்லியே!"

"நீங்க கேக்கவே இல்லியே."

அவர் வியாபாரி. அதிர்ச்சியிலும் கை தொழிலை விடவில்லை. அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். பத்து.

இரண்டு தட்டு, ஒரு விரல்.

ஒரு தட்டு, ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி. பதினைந்து.

இரண்டு தட்டு, ஒரு விரல்.

ஒரு தட்டு, ஒரு பிடி, மூன்று விரல். பதினெட்டு. எதிர் மண்டி நாயுடுகூட மூன்றாவது சுற்றில் கொஞ்சம் இறங்கி வருவான்.

இரண்டு தட்டு, ஒரு விரல்.

திலீப், பிரித்திகா, நகரிக் குடும்பம் எல்லாரும் ஒரு துண்டு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செரி" என்று பெருமூச்சு விட்டார் ஆதிநாராயணன். "இருபத்தொண்ணே இருக்கட்டும். திலீப், எனக்கும் அதையே போட்டுடுப்பா."

துண்டுக்குள் அவருடைய நாலு விரல்கள் சேர்த்துப் பிடிக்கப்பட்டன. இறுக்கமாக.

"எனக்கு நாலா?"

ரத்னம்மா தலையாட்டினாள்.

"நான் கூட இருக்க வேணாங்கறியா?" இது ரகசியக் குரலாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது எல்லாருக்கும் கேட்டது.

ரத்னம்மா இப்போது அவர் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"மைசூருக்குப் போனோம். அரண்மனைக்கு விளக்குப் போடறதைப் பாக்கணும்னு சாயங்காலத்துலேர்ந்து நின்னேன். போடறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது வண்டியில ஏறுன்னீங்க. பின் கண்ணாடியில திடீர்னு மஞ்சளா வெளிச்சம் வந்துச்சு, அதான் நான் பாத்தது. கன்னியாகுமரிக்குப் போனோம். சாயங்காலம் சூரியன் எறங்கினதைக் காட்டினீங்க. காலையில ஏறறதையும் பாக்கலாம்னேன். அதே சூரியன்தானேன்னு ராத்திரி ரயிலுக்கு இழுத்துக்கினு வந்தீங்க."

"மண்டியில லோடு வந்து நின்னுதுடி..."

"நின்னுது. எப்பவும் நிக்கும். நான் உங்களைத் திட்டலை. நீங்க அப்படித்தான். ஆனா அந்த ஊர்ல நீங்க கூட இருந்தா, மூணாவது நாளே 'எல்லாம் பாத்தாச்சு'ம்பீங்க. நான் உங்க மூஞ்சியைப் பாப்பேனா, ஊரைப் பாப்பேனா?" அவள் குரல் இன்னும் தணிந்தது. "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லைங்க. ஒரு எடத்தைப் பாத்துட்டு, புடிச்சிருந்தா மறுநாளும் அங்கியே போகணும். இதுவரைக்கும் ஒரு ஊர்லயும் ஒரு எடத்தை ரெண்டாவது தடவை பாத்ததில்ல நான்."

பிரித்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திலீப் தன் கீபோர்டில் இல்லாத தூசியைத் தட்டினான்.

ஆதிநாராயணன் தன் வாழ்க்கையில் ஒரு தரகனிடமும், ஒரு விவசாயியிடமும், சொந்தத் தம்பியிடமும் செய்யாத ஒன்றைச் செய்தார். மனதில் இருந்ததை முதல் தடவையிலேயே வாயால் சொன்னார்.

"நானும் இருபத்தொரு நாள் இருக்கறேன் ரத்னா. இது மண்டி விலை இல்ல. நெசம்."

அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்களின் பார்வை அது. துண்டு மெல்ல அசைந்தது. ஐந்து விரலும் ஒரு பிடி. பிறகு இரண்டு விரல்.

ஏழு.

அவர் தொண்டை வரைக்கும் "பதினாலு" வந்தது. கை பழக்கத்தில் நீளவும் பார்த்தது. ஆனால் மகனிடம் விளையாடப் போய்ப் பதினைந்து நாள் நாலு நாளான காயம் இன்னும் ஆறவில்லை. இங்கேயும் விளையாடினால் உள்ள ஏழும் போய்விடும்.

"சரி" என்றார்.

யோகேஷ் போனில் சொன்ன அதே "சரி". சொல்கிறபோது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

திலீப் தேதியை மாற்றினான், பாரத்தை நிரப்பினான். "அம்மாவுக்கு இருபத்தொண்ணு, சாருக்கு ஏழு. இனிமே மாத்த முடியாது, ஓகேயா?" இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "தங்கற எடத்துக்கு அந்த ஊர் நகராட்சி முத்திரை போட்ட அழைப்புக் கடிதம் வேணுமே?"

ரத்னம்மா கைப்பை ஜிப்பைத் திறந்து ஒரு கூரியர் கவரைக் கொடுத்தாள். திலீப் பிரித்துப் படித்தான். மறுபடி படித்தான்.

"அம்மா... இதுல ரெண்டு பேர் பேருமே இருக்கே. ரெண்டு பேருக்கும் இருபத்தொரு நாள்னு இருக்கே!"

ஆதிநாராயணன் கவரைப் பிடுங்கினார். எழுத்து புரியாத பாஷை. ஆனால் தன் பேரும், தேதியும், 21 என்ற எண்ணும் எந்தப் பாஷையிலும் புரியும். கடிதம் போன மாதமே எழுதியது. வெல்ல சீசன் முடிந்து மண்டி காற்று வாங்கும் வாரங்களாகப் பார்த்துத் தேதி போட்டிருந்தது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ... ஏழுன்னு சொன்னப்ப..."

"நீங்க இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கணும்" என்றாள் ரத்னம்மா. "பத்துன்னா குடுத்திருப்பேன். கோச்சுக்கினு எழுந்து நாலு அடி நடந்திருந்தா, கூப்பிட்டு முழுசா குடுத்திருப்பேன். ஒடனே சரின்னுட்டீங்களே!"

"இப்போ கேட்டா?"

"கையெழுத்துப் போட்டாச்சுங்க."

நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை பேரம் பேசாமல் இருந்த ஆதிநாராயணன், அந்த ஒரே தடவையில் பதினாலு நாளைத் தோற்றுப்போய் நின்றார். நகரி அம்மாள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

"இன்னொண்ணு சார்" என்றான் திலீப், கடிதத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்து. "கடிதம் கொடுத்தவங்க உங்க பையன் இல்லியே. ஷோபா டைட்டஸ்னு இருக்கு. அட்ரஸும் யோகேஷ் சார் அட்ரஸ் இல்ல."

பிரித்திகா நிமிர்ந்தாள். "ஷோபாவா? யாரும்மா?"

ரத்னம்மா கவரை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை மூடினாள். துண்டை உதறி, புருஷன் தோளில் திரும்பப் போட்டாள். படியில் இறங்கும்போதும், கீழே டிபன் கடையில் மூவரும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போதும் அந்தப் பேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

*

திரும்பும்போது மணி மூன்றே கால். மலைப்பக்கம் சந்திரகிரிக் கோட்டைச் சுவர் மறுபடி தெரிய ஆரம்பித்தது. ஆதிநாராயணனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. பின்னால் திரும்பினார்.

"பெத்த பையன் வீடு அந்த ஊர்ல இருக்கும்போது, நாம ஏன் எவ வீட்டுலயோ தங்கணும்? யாரு அந்த ஷோபா? அவளுக்கும் நம்ம யோகேஷுக்கும் இன்னா?"

ரத்னம்மா கோட்டையைப் பார்த்தாள்.

"அதை வண்டியில போய்க்கினே சொல்ல முடியாதுங்க. எங்கியாவது உக்காந்து, நிதானமாக் கேக்கணும். எவ்வளவு நேரம் தருவீங்க?"

பிரித்திகா வேகத்தைக் குறைத்தாள். "பத்து நிமிஷம்" என்பது ஆதிநாராயணனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். கோட்டைக்குப் போகும் ரோடு பக்கம் கையை நீட்டி, காரை அங்கே திருப்பும்படி மகளுக்குக் காட்டினார்.

"மூடற வரைக்கும்" என்றார்.